ஏழு பேர் பார்த்த படம்

மதகூர் கோர்ட் கேன்டீனில் அன்று சண்முகவடிவுக்கு டீ கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

"பால் இல்லக்கா," என்றார் டீ மாஸ்டர். அவருக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"கடுஞ்சாயா குடுங்க."

"தூளும் இல்ல."

பக்கத்து மேசையில் நாலு வக்கீல்கள். அவளுடன் இருபத்தாறு வருடமாக ஒரே பார் ரூமில் உட்கார்ந்தவர்கள். அதில் ஒருவர், "சொரிமுத்துகிட்ட கேளுங்க மேடம், எதுவானாலும் தொறந்து விடுவான்," என்றார். மற்ற மூவரும் சிரித்தார்கள். வடிவு காலி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

இது நடப்பது இன்னும் கொஞ்ச வருடம் தள்ளி, கண்ணுகளா. ஆனாலும் மழை இப்போது பெய்வது போலத்தான் பெய்கிறது, அணை இப்போது நிரம்புவது போலத்தான் நிரம்புகிறது. அந்த வருட ஐப்பசியில் மதகூர் அணை நிரம்பியது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நாலு மணி தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும், ஷட்டர் திறந்தது. கீழே ஆற்றங்கரையை ஒட்டியிருந்த கரைத்தெருவைத் தண்ணீர் அப்படியே வழித்துக்கொண்டு போனது. இருபத்து மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒன்பது பேர் பிள்ளைகள்.

ஷட்டரைத் திறந்தவன் சொரிமுத்து. அணையின் மதகுக் காவலன். திறக்காவிட்டால் அணையே உடைந்திருக்கும் என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் திறப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் மூன்று முறை நீளமாகச் சங்கு ஊத வேண்டும் என்பது விதி. மில் சங்கு தெரியுமல்லவா, அது மாதிரி ஒன்று அணையின் உச்சியில் இருந்தது. அவன் அதை ஊதவில்லை என்றது ஊர். அதற்கு முந்தின வாரம்தான் கரைத்தெருக்காரர்களோடு சண்டை போட்டு, "ஒருநாள் தொறந்து விட்டேன்னா தெரியும்ல உங்க சங்கதி!" என்று கத்தியிருந்தான். வேண்டுமென்றே திறந்தான், சிரித்துக்கொண்டே திறந்தான், இருபத்து மூன்று கொலை என்று போலீஸ் எழுதியது.

வக்கீல் சங்கம் கூடி, அவனுக்காக யாரும் ஆஜராவதில்லை என்று தீர்மானம் போட்டது. இலவச சட்ட உதவிப் பட்டியலில் அடுத்த பெயர் சண்முகவடிவுடையது. காய்ச்சல் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்தவருக்குப் போயிருக்கும். அவள் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "என் முறை வந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். அன்று முதல் ஆட்டோக்காரர்கள் அவள் கை காட்டினால் நிறுத்தவில்லை. அவள் வீட்டு வாசலில் தினமும் யாரோ சேற்றைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.

சொரிமுத்துவை ஜெயிலில் பார்க்கப் போனாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆம்பள எவனும் கெடைக்கலையோ?"

"கெடைக்கல. சங்கு ஊதுனீங்களா?"

"ஊதுனேன்."

"எப்போ?"

"நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில. மூணு வாட்டி. நோட்டுல எழுதியும் வச்சேன். நோட்டு, ரூமு எல்லாம் தண்ணியோட போச்சு."

"ஒருத்தர்கூடக் கேக்கலங்காங்களே?"

"அவனுவளுக்குக் காது அவிஞ்சுபோச்சுன்னா நான் என்ன செய்ய முடியும்? பதினொரு வருஷமா அந்தத் தெருக்காரனுவளோட மல்லுக்கட்டுதேன். மதகுல தூண்டில் போடாதன்னா போடுவானுவ. மாட்டக் கொண்டாந்து அணைமேல கட்டாதன்னா கட்டுவானுவ. திட்டுனேன். தூண்டில ஒடிச்சேன். தொறந்து விட்டுருவேன்னும் சொன்னேன், ஆயிரம் வாட்டி சொல்லிருப்பேன். இப்ப அழுன்னா எனக்கு அழுகை வரல."

"பிள்ளைக செத்திருக்கு சொரிமுத்து."

அவன் சுவரைப் பார்த்தான். "தெரியும்," என்றான். எழுந்து போகும்போது, "பொம்பள வக்கீலு ஜெயிச்சதா நான் கேள்விப்பட்டதில்ல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிடிக்கிறதா இவனை? எனக்கும் பிடிக்கவில்லை. பிடித்தவனுக்கு வக்கீல் கிடைப்பது ஒரு பெரிய காரியமில்லை.

இப்போது அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சனங்கள் 'ஏழு பேர் சட்டம்' என்பார்கள். ஒருவர் கண்ணால் பார்த்ததை அவர் நினைவிலிருந்து எடுத்துத் திரையில் காட்டும் கருவி வந்துவிட்டிருந்தது. தலையில் ஒரு கவசத்தை மாட்டி, 'அன்னிக்கு நடந்ததை நினைங்க' என்பார்கள். நினைத்தது படமாக வரும். ஏழு பேருடைய படம் ஒத்துப்போனால் போதும். குறுக்கு விசாரணை கிடையாது, வாய்தா கிடையாது, மேல்முறையீடு கிடையாது, அன்றைக்கே தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் தலையில் மட்டும் அதை மாட்ட மாட்டார்கள். தப்பிப்பதற்காக அவன் வேறு எதையாவது நினைத்துக்கொள்வான் என்று காரணம் சொன்னார்கள். பதினைந்து வருடம், இருபது வருடம் கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்த சனங்கள் அந்தச் சட்டம் வந்தபோது வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அலைந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சாட்சிப் படங்களைப் பார்க்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு நாள் முன்னால் அனுமதி உண்டு. கருவியை இயக்குகிறவர் முகைதீன் என்று ஒரு பெரியவர், ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி. அவரும் அவளுக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பார்த்தாள்.

ஏழு படம். ஏழிலும் சொரிமுத்து ஷட்டர் சக்கரத்தின்மேல் கை வைத்து நிற்கிறான். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. முகம் நேராகத் தெரிகிறது. பல் தெரியச் சிரிக்கிறான்.

"பாத்தாச்சா?" என்றார் முகைதீன். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தூக்குதான்."

"சத்தம் வராதா அண்ணாச்சி?"

"வராது. கண்ணு பாத்தது மட்டும்தான் வரும். காது கேட்டதை எடுக்க இன்னும் எவனும் கண்டுபிடிக்கல."

"அப்ப சங்கு ஊதுச்சா இல்லையான்னு இந்த மிசினுக்குத் தெரியாது."

"சிரிச்சுட்டு நிக்கான். சங்கு ஊதிட்டு எவனும் சிரிப்பானா?"

"படம் இந்த இடத்துலதான் ஆரம்பிக்குதா? அதுக்கு முன்னால ஒண்ணுமில்லையா?"

முகைதீன் கொஞ்சம் தயங்கினார். "முன்னால கொஞ்சம் குப்பை வரும். மனசு ஒரு இடத்துல நிக்கிற வரைக்கும் அங்க இங்க அலையும்லா. அதை வெட்டிருவோம். எல்லாக் கேசுலயும் அப்படித்தான்."

"வெட்டுனத போடுங்க."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயே."

"நான் கேக்கேன்."

ஆறு பேருடைய குப்பையில் ஒன்றும் இல்லை. கோர்ட் வராண்டா, ஒரு போலீஸ்காரரின் தொப்பி, செத்துப்போன யாரோ ஒருவரின் முகம். ஏழாவது பேச்சித்தாயுடையது. கரைத்தெருவில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள், மகனும் மகளுமாக இரண்டு பிள்ளைகளையும் தண்ணீருக்குக் கொடுத்தவள். அவள் படத்தின் தொடக்கத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு அலுமினியப் பால் கேனும் அதன் பிடியில் ஒரு ஈரக் கையும் வந்தன. பிறகு சட்டென்று சிவப்புக் கட்டம் சட்டையும் சிரிப்பும்.

"இது மட்டும்தான் வேற மாதிரி இருக்கு," என்றாள் வடிவு.

"பால்காரிக்குப் பால் கேன்தானம்மா ஞாபகம் வரும்?"

மறுநாள் காலை கோர்ட் வாசலில் பேச்சித்தாய் காத்து நின்றாள். ஒரு காலத்தில் வடிவு வீட்டுக்கும் அவள்தான் பால் ஊற்றினாள். வடிவைக் கண்டதும் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

"நாசமாப் போவ வக்கீலக்கா! எம் பிள்ளைகளத் தின்னவனுக்கு வக்காலத்தா? ஒனக்கு ஒரு பிள்ளை இருந்தாத் தெரியும்! ஒத்தைக் கட்டை, ஒனக்கு என்ன தெரியும்?"

சுற்றி நின்ற கூட்டம் விசிலடித்தது. வடிவு முடியில் விழுந்த மண்ணைத் தட்டவில்லை. அப்படியே உள்ளே போனாள். பின்னால் ஒரு கல் வந்து கதவில் பட்டது.

கோர்ட் கூடம் நிரம்பி, ஜன்னலிலும் ஆட்கள். நீதிபதி அம்மா வெளியூர்க்காரர், குட்டையானவர், வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏழு படங்களும் திரையில் ஓடின. ஒவ்வொன்று முடியும்போதும் கூட்டத்தில் ஒரு உறுமல் எழுந்தது. கூண்டில் சொரிமுத்து கொட்டாவி விட்டான்.

அரசு வக்கீல் எழுந்து, "ஏழும் ஒத்துப்போகுது. தீர்ப்புச் சொல்லலாம்," என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"எதிர்த்தரப்பு?"

"அம்மா, ஏழு படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் போடச் சொல்லணும்," என்றாள் வடிவு.

முகைதீன் போட்டார். ஏழு சொரிமுத்துவும் ஒரே சொரிமுத்து ஆனான். விரல்கூட விலகவில்லை.

"பாத்தீங்களா, இதுக்குமேல என்ன வேணும்?" என்றார் அரசு வக்கீல்.

"இவ்வளவு ஒத்துப்போறதுதான் எனக்குச் சந்தேகம்."

"ஒத்துப்போனாலும் குத்தமா மேடம்? ஒத்துப்போகலைன்னா அதுக்கும் ஒண்ணு சொல்லுவீங்க."

கூட்டம் சிரித்தது.

"அம்மா, இந்தக் கூடத்துல நூறு பேரு இப்ப என்னப் பாக்காங்க. பின்னால இருக்கவங்களுக்கு என் முதுகு தெரியும். ஜன்னல்ல நிக்கவங்களுக்கு என் காது தெரியும். உங்களுக்கு என் மூஞ்சி தெரியும். நூறு பேரும் என் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்தோம்னு சொன்னா நீங்க நம்புவீங்களா? இந்த ஏழு பேரும் அன்னிக்கு ஏழு இடத்துல இருந்ததா அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. ஒருத்தர் ரேஷன் கடை. ஒருத்தர் மாடி. ஆனா ஏழு பேருக்கும் இவன் மூஞ்சி நேரா தெரியுது. தண்ணியப் பாத்து இருக்க சக்கரத்தைப் பிடிச்சு நிக்கிறவன் மூஞ்சி நேரா தெரியணும்னா எங்க நிக்கணும் தெரியுமா? அணைக்கு உள்ள. எழுபது அடித் தண்ணிக்கு மேல அந்தரத்துல."

உறுமல் கொஞ்சம் குறைந்தது.

"இன்னொண்ணு. மதகுக் காவலனுக்குக் காக்கிச் சட்டை. அன்னிக்குச் சாயங்காலம் போலீஸ் பிடிக்கும்போதும் காக்கிதான் போட்டிருந்தான், அது அவங்க எழுதுன மகஜர்லயே இருக்கு. சிவப்புக் கட்டம் எங்கிருந்து வந்துச்சு?"

"நீங்களே சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"உங்களுக்கு வலப்பக்கத்து ஜன்னல் வழியாப் பாக்கணும், அம்மா."

நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜன்னலில் தொங்கியவர்கள் விலகி வழி விட்டார்கள். கோர்ட் வாசலுக்கு எதிரே, பஸ் ஸ்டாண்டு முகப்பை மறைத்துக்கொண்டு, முப்பது அடி நீளத்துக்கு ஒரு பிளெக்ஸ் நின்றது. கண்ணீர் அஞ்சலி. இருபத்து மூன்று முகங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பூவளையம். அவர்களுக்கு நடுவில், 'கொலைகாரனைத் தூக்கிலிடு' என்ற எழுத்துக்குக் கீழே, ஷட்டர் சக்கரத்தின்மேல் கை வைத்துப் பல் தெரியச் சிரிக்கும் சொரிமுத்து.

"வெள்ளம் வந்த மூணாம் நாள் வச்சது," என்றாள் வடிவு. "பிளெக்ஸ் கடைக்காரர் என்கிட்ட எழுதிக் குடுத்திருக்கார். இவனோட மூஞ்சி ஏதோ கோயில் கொடைப் போட்டோல இருந்து எடுத்தது, அதுலதான் சிரிச்சுட்டு இருந்தான். உடம்பும் சட்டையும் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துலருந்து. இதே மாதிரி ஊரு முழுக்கப் பதினாலு பிளெக்ஸ். இருபது நாளா விடிஞ்சா அடைஞ்சா எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் நடக்காங்க. மிசின் பொய் சொல்லல அம்மா. இவங்களும் பொய் சொல்லல. மனசுல கிடக்கிறதைத்தான் காட்டுனாங்க. அது எப்ப உள்ள போச்சுன்னு மிசினுக்குத் தெரியாது."

நீதிபதி அம்மா ஜன்னலிலேயே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"சட்டத்துல குறுக்கு விசாரணை இல்ல. ஆனா படம் சந்தேகமா இருந்தா நீதிமன்றம் ஒரு சாட்சியை வாய்மொழியா விசாரிக்கலாம்னு ஒரு உட்பிரிவு இருக்கு. யாரும் இதுவரைக்கும் அதைத் தொட்டதில்ல. ஒரே ஒரு சாட்சி. யார் வேணும்?"

"பேச்சித்தாய்."

கூட்டம் கத்தியது. "பிள்ளையப் பறிகுடுத்தவளையா? மனுஷிதானா நீ?" என்று ஒரு குரல். "அடுத்த பிளெக்ஸ் ஒனக்குத்தான்ட்டி!" என்று இன்னொன்று. நீதிபதி மேசையைத் தட்டி அடக்க வேண்டியிருந்தது.

பேச்சித்தாய் சாட்சிக் கூண்டில் ஏறினாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேச்சித்தாய், அன்னிக்கு அணையில சங்கு ஊதுச்சா?"

"ஊதல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன கெடக்கு? ஊதியிருந்தா எம் பிள்ளைகளத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடியிருக்க மாட்டேனா? ஊதல. ஊதல. ஊதல. போதுமா?"

அரசு வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதற்குமேல் கேட்க வடிவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதற்குப் பதில் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது.

"உன் படத்துல முதல்ல ஒரு பால் கேன் வருது. அது எதுக்கு உன் கையில இருந்துச்சு?"

"பால் ஊத்தப் போனேன். சொசைட்டிக்கு."

"சொசைட்டி மேட்டுத்தெருவுல. எத்தன மணிக்குக் கெளம்புவே?"

"மணியெல்லாம் எவ பாத்தா? மில்லு பஸ்ஸு வந்தா கெளம்புவேன். திங்கக்கிழமைன்னா சங்கு ஊதுனதும் கெளம்புவேன்."

கூண்டில் சொரிமுத்து தலையை நிமிர்த்தினான்.

"எந்தச் சங்கு?" என்றாள் வடிவு.

"அதாங்க்கா, திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நாலு மணிக்கு அணையில சும்மா ஊதிப் பாப்பாம்லா. அது."

"வெள்ளத்துக்கு இல்லாம, சோதனைக்கு."

"ஆமா. அதுக்கு எவ பயப்படுவா? அதுக்குத்தான் ஒல வைப்போம், பிள்ளைகளுக்குக் காப்பி போடுவோம்."

"அன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கக்கிழமை." அவளுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. கையை நீட்டிக் கூண்டைக் காட்டினாள். "இந்த மூதிக்கு மணிகூடப் பாக்கத் தெரியாது. அன்னிக்கு நாலுக்கு முன்னாலயே ஊதிட்டான். நான் அப்பதான் ரெண்டாம் மாட்டுல உக்காந்திருக்கேன். ஒரு வாட்டி ஊத வேண்டியவம் நீட்டி நீட்டி ஊதுதாம். கிறுக்குப்பய, இன்னிக்கு இவனுக்கு என்ன கொண்டாட்டமோன்னு வஞ்சுட்டே கேனைத் தூக்கிட்டு, பிள்ளைககிட்ட வெளிய போயிராதீங்கன்னு..."

அவள் பேச்சு அந்த இடத்தில் நின்றது.

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

வடிவு அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியதாக இருந்திருக்கும். ஆனால் பதிவில் ஏறாத பதிலால் யாரும் தூக்குக் கயிற்றிலிருந்து இறங்க முடியாது.

"எத்தன வாட்டி ஊதுனாம், பேச்சித்தாய்?"

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கேக்கும்படியாச் சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி.

"மூணு."

நூறு பேர் இருந்த கூடம் அது. அந்த நூறு பேரும் அந்தத் திங்கட்கிழமை மதகூரில் இருந்தவர்கள். அந்தச் சங்கைக் கேட்டு உலை வைத்தவர்கள், காப்பி போட்டவர்கள், பீடி பற்றவைத்தவர்கள். ஊதவே இல்லை என்று இருபது நாளாக அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. வெள்ளத்துக்கு ஊதும் சங்கு வேறு ஏதோ மாதிரி, பெரிதாக, பயங்கரமாக இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். பேச்சித்தாய் மட்டும் கம்பியை விடாமல், யாரையாவது பார்க்க முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

வழக்கு பழைய முறை விசாரணைக்கு மாறியது. நாலு மாதம் நடந்தது. ஒருவர் பின் ஒருவராக, இழுத்து இழுத்து, 'ஏதோ ஊதின மாதிரி இருந்துச்சு' என்றார்கள். சொரிமுத்து விடுதலையானான். ஜெயில் வாசலில் வடிவிடம், "உள்ள ரெண்டு வேட்டியக் களவாண்டுட்டானுவ. அதுக்கு ஒரு கேசு போட முடியுமா?" என்று கேட்டான். போடலாம் என்றாள். அவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "திங்கக்கிழமை சும்மா ஊதச் சொல்லாதீங்கன்னு ஆபீஸுக்கு நான் ரெண்டு வாட்டி எழுதிப் போட்டேன்," என்றான். பிறகு பஸ் ஏறி எங்கேயோ போய்விட்டான். அந்தக் கடிதங்களை யாரும் தேடவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களைச் சந்தோஷமாக அனுப்பி வைத்திருப்பேன்.

இருபத்து மூன்று சாவு. அதை யார் தலையில் வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. எல்லாரும் கேட்ட சங்கை எல்லாரும் கேட்டோம் என்று ஒத்துக்கொண்டு ஒரு ஊரால் உயிரோடு இருக்க முடியாது. கேட்டேன் என்று இழுக்காமல் வாய் திறந்து சொன்னவள் ஒருத்திதான். 'சங்கக் கேட்டுட்டுப் பால் ஊத்தப் போனவ' என்று முதலில் கிணற்றடியில் பேசினார்கள். பிறகு டீக்கடையில். சொசைட்டியில் அவள் பாலை வாங்க மாட்டேன் என்றார்கள். அதற்கப்புறம், பிள்ளைகள் வெளியே ஓடிவிடக் கூடாது என்று அவள் கதவைப் பூட்டிவிட்டுப் போனாளாம் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டால் எல்லாரும் இன்னொருவரைக் காட்டினார்கள். ஒரு மாதத்தில் அது ஊர் முழுக்கத் தெரிந்த உண்மையானது. வைகாசியில் போலீஸ் வந்து பேச்சித்தாயைக் கூட்டிப் போனது. ஏழு பேர் தயாராக இருந்தார்கள். ஏழு பேரும் பார்த்திருந்தார்கள்.

வக்கீல் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. சட்ட உதவிப் பட்டியலில் அந்த வாரம் வடிவின் முறை இல்லை. அவளே எழுதிக் கொடுத்து அந்த வழக்கை வாங்கிக்கொண்டாள்.

பெண்கள் கிளைச்சிறையில் பார்வையாளர் அறை என்று தனியாக இல்லை. அலுவலக வராண்டாவில் ஒரு பெஞ்சு. பேச்சித்தாய் மெலிந்துபோயிருந்தாள். வடிவைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க? நான் உங்க மேல மண்ண வாரித் தூத்துனவ."

"தெரியும். முடியில இருந்து போகவே ரெண்டு நாளாச்சு."

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு நீங்க அந்தக் கேள்வியக் கேட்டிருக்க வேண்டாம்க்கா. அந்த மூணு வாட்டிங்கறத."

"கேட்டிருக்காட்டி அவனத் தூக்குல போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கட்டுமே. அவனுக்கு யாரு இருக்கா? எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும்லா. நான் எம் பிள்ளைகள நெனச்சு அழுதுட்டு மட்டும் இருந்திருப்பேன்லா."

வடிவு பையிலிருந்து வக்காலத்துத் தாளை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போடு."

"வேண்டாம். எனக்கு யாரும் பேச வேண்டாம். என்ன குடுக்காங்களோ குடுக்கட்டும்."

"சரி. குடுக்கட்டும். அதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு ஒருத்தி கேக்கணும்லா. கதவப் பூட்டுனியா?"

"பூட்டுனேன்."

வடிவு நிமிர்ந்தாள். "போலீஸ்ல பூட்டலன்னு சொல்லிருக்கியே?"

"அப்ப பூட்டலன்னுதான் இருந்துச்சு. பெறகு எல்லாரும் சொல்லுதாங்க, ஆளாளுக்கு வந்து கேக்காங்க. இப்ப எனக்கே தெரியுதுக்கா. கண்ண மூடுனா அதான் வருது. நீலச் சேல கட்டிருக்கேன். குனிஞ்சு பூட்டப் போட்டுட்டு, இழுத்து இழுத்துப் பாக்கேன். என் முதுகு நல்லாத் தெரியுது. ஜாக்கெட்டு முதுகுல கிழிசல்கூடத் தெரியுது."

வடிவு பேனாவைத் திறந்து பேச்சித்தாயின் விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.

"உன் முதுகையா?"

"ஆமா."

"எங்க நின்னு பாத்தே, பேச்சித்தாய்?"